ஒரே பெயர், வேறு வேறு வைத்தியம்: ரத்தப் புற்றுநோய்க்கு இன்று என்னென்ன வழிகள்?

வெள்ளையணு எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்ற ரிப்போர்ட்டோடு இரண்டு பேர் ஒரே நாளில் மருத்துவரைப் பார்க்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். ஒருவரிடம், "வீட்டுக்குப் போக வேண்டாம், இன்றைக்கே அட்மிட் ஆகிவிடுங்கள்" என்கிறார் மருத்துவர். இன்னொருவரிடம், "மூன்று மாதம் கழித்து வாருங்கள், இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம்" என்கிறார். இரண்டுமே சரியான வைத்தியம்தான். இரண்டாமவரின் வீட்டில்தான் கலவரம் அதிகமாக இருக்கும். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்தே தராமல் அனுப்புகிறார்களே என்று வேறு மருத்துவரைத் தேடுவார்கள்.

குழப்பம் பெயரிலிருந்தே தொடங்குகிறது. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ 1847இல் இந்த நோய்க்கு 'வெள்ளை ரத்தம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பெயர் வைத்தபோது, நுண்ணோக்கியில் தெரிந்ததைத்தான் சொன்னார். அந்த ஒரு பெயருக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத பல நோய்கள் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, படிப்படியாக முதிர்ந்து, ரத்தத்துக்கு வருகின்றன. அந்த வழியில் ஏதோ ஓர் அணுவின் மரபணுவில் பழுது ஏற்பட்டு, அது கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. பழுது எந்த வம்சத்து அணுவில், எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதுதான் முக்கியம். முதிராத அணுக்கள் குவிந்து வாரக்கணக்கில் ஆளைச் சாய்ப்பவை அக்யூட் வகை. ஓரளவு முதிர்ந்த அணுக்கள் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சேர்வது கிரானிக் வகை. இவை ஒவ்வொன்றிலும் லிம்ஃபாய்டு, மைலாய்டு என்று இரண்டு வம்சங்கள். ஆக அக்யூட் லிம்ஃபாய்டு (ஏ.எல்.எல்.), அக்யூட் மைலாய்டு (ஏ.எம்.எல்.), கிரானிக் லிம்ஃபாய்டு (சி.எல்.எல்.), கிரானிக் மைலாய்டு (சி.எம்.எல்.) என்று நான்கு பெரிய பெயர்கள். அவற்றுக்குள் உட்பிரிவுகள் ஏராளம்.

"எந்த ஸ்டேஜ்?" என்று உறவினர்கள் கேட்பார்கள். மார்பகத்திலோ குடலிலோ வரும் கட்டிக்கு அந்தக் கேள்வி பொருந்தும். லுக்கேமியா தொடங்கும்போதே ரத்தத்தோடு உடல் முழுக்கப் போய்விடுகிறது. ஆகவே வெட்டி எடுக்கவும் எதுவும் இல்லை, சி.எல்.எல். தவிர மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்டேஜ் போடுவதற்கும் பெரிதாக இடமில்லை. கேட்க வேண்டியது, எந்த வகை, அதில் என்ன மரபணு மாற்றம் என்பதுதான். இதற்காகத்தான் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்கிறார்கள். அணுக்களின் மேற்பரப்பு அடையாளங்களை ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனையில் பார்க்கிறார்கள். குரோமோசோம்களையும் மரபணுக்களையும் சோதிக்கிறார்கள். முடிவு வர நாளாகும்போது வீட்டாருக்குப் பொறுமை போய்விடும். ஆனால் பெரும்பாலும் அந்த முடிவுகள் வராமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. வெள்ளையணு மிக அதிகமாக ஏறி ஆபத்து நெருங்கினால், அதைத் தற்காலிகமாகக் குறைக்க ஹைட்ராக்சியூரியா மாத்திரை இருக்கிறது. அது நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

மரபணுவைத் தெரிந்துகொள்வது வைத்தியத்தை எந்த அளவுக்குப் புரட்டிப்போடும் என்பதற்கு சி.எம்.எல். ஒன்றே போதும். 1960இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இந்த நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக ஒரு குரோமோசோம் இருப்பதைக் கண்டார்கள். அதற்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் வந்த விளைவு அது என்று 1973இல் காட்டியவர் ஜேனட் ரௌலி. அந்த இடமாற்றத்தில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற புரதம் உருவாகிறது. அணுவுக்கு "பெருகு, பெருகு" என்று ஓயாமல் கட்டளையிடுவது இந்தப் புரதம்தான். இதன் வாயை அடைக்கும் மாத்திரையாக வந்த இமாடினிப், மனிதர்களிடம் 1998இல் சோதிக்கப்பட்டு 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பு இந்த நோயை ஒழிக்க மஜ்ஜை மாற்றம் ஒன்றுதான் நம்பகமான வழி. முடியாதவர்கள் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள். இமாடினிப் எடுத்தவர்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் சுமார் 83 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள்.

இப்போது அதே வேலையைச் செய்யும் மாத்திரைகள் பல இருக்கின்றன: டாசாடினிப், நிலோடினிப், போசுடினிப், போனாடினிப், ஆசிமினிப். எது வலிமையானது என்று கேட்பதைவிட, இந்த நோயாளிக்கு வேறு என்ன நோய் இருக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. நிலோடினிப் ரத்தக்குழாய்களைப் பாதிக்கலாம், சர்க்கரையை ஏற்றலாம். டாசாடினிப் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்க வைக்கலாம். இதய நோயாளிக்கும் நுரையீரல் நோயாளிக்கும் ஒரே மாத்திரையை எழுத முடியாதது இதனால்தான்.

சி.எம்.எல். நோயாளிகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பக்கவிளைவு கூட இல்லை, மறதி. உடம்பு நன்றாக இருக்கும்போது தினமும் ஒரு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குவது லேசான காரியமா? ஆனால் பத்து மாத்திரைக்கு ஒன்றுக்கு மேல் தவறவிடுகிறவர்களிடம் நோய் ஆழமாக அடங்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடங்கியிருக்கிறதா என்று, ஒட்டிக்கொண்ட அந்த மரபணுவின் தடயம் ரத்தத்தில் எவ்வளவு என அளக்கும் பி.சி.ஆர். (PCR) பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். மூன்று மாதத்தில் அளவு 10 சதவீதத்துக்குக் கீழே, ஒரு வருடத்தில் 0.1 சதவீதத்துக்குக் கீழே என்று இதற்கு மைல்கற்கள் உண்டு.

மாத்திரையை நிறுத்த முடியுமா? ஒரு காலத்தில் வாழ்நாள் முழுக்க என்றுதான் சொன்னார்கள். நோயின் தடயமே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தென்படாத 100 பேரிடம் பிரான்சில் இமாடினிப்பை நிறுத்திப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவுப்படி, ஓராண்டு கழித்தும் சுமார் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே தலைகாட்டியது, மாத்திரையைத் திரும்பத் தொடங்கியதும் அடங்கியது. இன்று பல நாடுகளின் வழிகாட்டு முறைகளில் இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் பி.சி.ஆர். பார்க்க வசதி இருந்தால் மட்டுமே. தானாக நிறுத்திப் பார்ப்பது வேறு விஷயம், அது விபரீதம்.

முதலில் சொன்ன இரண்டாம் நபருக்கு வருவோம். அவருக்குப் பெரும்பாலும் சி.எல்.எல். ஆக இருக்கும். வயதானவர்களுக்கு வருவது, பலருக்கு வேறு எதற்கோ ரத்தம் பார்க்கும்போது தற்செயலாகத் தெரிவது. அறிகுறி இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தால் ஆயுள் கூடுமா என்று பழைய கீமோ மாத்திரையை வைத்தும் பார்த்தாகிவிட்டது, புதிய மருந்தை வைத்தும் பார்த்தாகிவிட்டது. கூடவில்லை. சுமார் மூன்றில் ஒருவருக்குக் கடைசிவரை மருந்தே தேவைப்படுவதில்லை. எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் அதை மட்டும் வைத்து மருந்து தொடங்குவதில்லை. ஹீமோகுளோபினோ பிளேட்லெட்டோ இறங்குவது, நெறிகட்டிகளும் மண்ணீரலும் பெருப்பது, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது, இரவில் படுக்கை நனையும் அளவு வியர்ப்பது இவைதான் கணக்கு. தொடங்கும்போதும் பழைய கீமோ இப்போது பெரும்பாலும் பின்னுக்குப் போய்விட்டது. இரண்டு பாதைகள் இருக்கின்றன. இப்ருடினிப், அகாலாப்ருடினிப், ஜானுப்ருடினிப் போன்ற மாத்திரைகளை நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருப்பது ஒன்று. வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையும் ஒபினுடுசுமாப் ஊசியும் சேர்த்து, சுமார் ஓராண்டில் முடித்துக்கொள்வது இன்னொன்று. வெனிடோக்ளாக்ஸை முதல் நாளே முழு அளவில் தருவதில்லை. 20 மில்லிகிராமில் தொடங்கி ஐந்து வாரத்தில் 400க்குக் கொண்டுபோவார்கள். புற்றணுக்கள் ஒரேயடியாகச் செத்து உடைந்தால் அவற்றின் உள்ளிருப்பது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். மருந்து அளவுக்கு மீறி வேலை செய்வதே ஆபத்தாகிற விநோதமான நிலைமை இது.

ஹேரி செல் என்ற அரிய வகை ஒன்றும் உண்டு. கிளாட்ரிபின் மருந்தை ஏறத்தாழ ஒரு வாரம் ஏற்றினால் பலருக்குப் பல ஆண்டுகள் நோய் தலைகாட்டுவதில்லை. லுக்கேமியா என்றாலே வருடக்கணக்கில் கீமோ என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்லிவைக்கலாம்.

அக்யூட் வகைகளின் உலகம் வேறு. அங்கே காலம் நாள்கணக்கில் ஓடுகிறது. அதிலும் அவசரமானது ஏ.பி.எல்., அதாவது ஏ.எம்.எல்லின் ஒரு கிளை. ரத்தம் உறையும் ஏற்பாடே குலைந்து, மூளையில் கசிந்து, நோய் என்னவென்று தெரிவதற்குள் ஆள் போய்விடுவார். இதற்குக் கிடைத்த வைத்தியம் மருத்துவ வரலாற்றிலேயே விசித்திரமானது. ஷாங்காய் மருத்துவர் வாங் ஜென்யி, புற்றணுவைக் கொல்வதற்குப் பதில் அதை முதிர வைத்தால் என்ன என்று யோசித்தார். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஆட்ரா என்ற மருந்தை 1985இல் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றுக்குக் கொடுத்துப் பார்த்தார், குழந்தை பிழைத்தது. 1988இல் அவரது குழு எழுதிய 24 நோயாளிகளில் அத்தனை பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. அதே நாட்டின் ஹார்பின் நகரில் வேறொரு குழு ஆர்சனிக்கை, ஆமாம், பாஷாணத்தைத்தான், இந்த நோய்க்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து இத்தாலியும் ஜெர்மனியும் நடத்தி 2013இல் வெளியான ஒப்பீட்டில், அதிக ஆபத்துப் பிரிவில் இல்லாத நோயாளிகளிடம், கீமோவே இல்லாத இந்த ஜோடி ஆட்ரா-கீமோ ஜோடியைவிடக் குறைவில்லை என்று நிரூபணமானது. இரண்டாண்டு முடிவில் 99 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள். ஒருகாலத்தில் லுக்கேமியாக்களிலேயே மிகச் சீக்கிரம் கொன்ற வகை இன்று அதிகம் குணமாகும் வகைகளில் ஒன்று. சந்தேகம் வந்தவுடனேயே, மரபணு முடிவுக்குக் காத்திராமல், ஆட்ராவைத் தொடங்கிவிடுவது இதில் மட்டும்தான்.

(ஆர்சனிக் என்றதும் பாஷாணம் சேர்த்த நாட்டு மருந்துகளை யாரும் நினைத்துவிட வேண்டாம். இங்கே தருவது அளந்து நரம்பில் ஏற்றப்படும் சுத்தமான மருந்து. இதயத் துடிப்பின் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.)

மற்ற ஏ.எம்.எல். வகைகளுக்கு 1973இலிருந்து அடித்தளம் மாறவில்லை. சைடராபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள். 'ஏழும் மூன்றும்' என்றே பெயர். மஜ்ஜையை ஏறக்குறையத் துடைத்து எடுத்துவிட்டு, நல்ல அணுக்கள் திரும்ப முளைக்கும்வரை மூன்று, நான்கு வாரம் மருத்துவமனையில் காத்திருப்பதுதான் இதன் சாரம். இப்போது மரபணுவைப் பார்த்து மேலே ஒன்று சேர்க்கிறார்கள். எஃப்.எல்.டி.3 மாற்றம் இருந்தால் மிடோஸ்டாரின், நோய் திரும்பினால் கில்டெரிடினிப். ஐ.டி.எச். மாற்றங்களுக்கு ஐவோசிடெனிப், எனாசிடெனிப். ஆனால் இந்த நோயாளிகளில் ஏராளமானோர் 65 வயதைக் கடந்தவர்கள். ஏழும் மூன்றும் தாங்காத உடம்புக்கு முன்பு பெரிதாக எதுவும் இல்லை. அசாசிடிடின் ஊசியோடு வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையைச் சேர்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தபோது, சரிபாதி நோயாளிகள் உயிரோடு தாண்டிய காலம் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாகக் கூடியிருந்தது. ஐந்து மாதம்தானா என்று வெளியிலிருந்து கேட்கலாம். அந்த வீட்டாரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல்.தான் புற்றுநோய் மருத்துவத்துக்கே நம்பிக்கை கொடுத்த நோய். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் அமினோப்டெரினைக் கடுமையாக நோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேர் தேறினார்கள் என்று 1948இல் எழுதினார். சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. ஒரு மருந்து போதாது என்பதுதான் அதில் கற்ற பாடம். அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: மெர்காப்டோப்யூரின், ஸ்டீராய்டு, நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின், புற்றணுவுக்குத் தேவையான ஆஸ்பராஜின் என்ற சத்தைக் கிடைக்கவிடாமல் செய்யும் ஆஸ்பராஜினேஸ். அப்படியும் சில குழந்தைகளுக்கு மூளையிலிருந்து நோய் திரும்பியது. பெரும்பாலான மருந்துகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதில்லை. அதனால் முதுகுத்தண்டில் ஊசி வழியே மருந்து செலுத்தும் முறை வந்தது. தலைக்குக் கதிர்வீச்சு கொடுப்பது, பிள்ளைகளின் வளர்ச்சியையும் படிப்பையும் பாதித்ததால், வெகுவாகக் குறைந்துவிட்டது. வசதி உள்ள நாடுகளில் இன்று பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஓடும். முதல் மாதத்திலேயே நுண்ணோக்கியில் நோய் மறைந்துவிடும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மஜ்ஜையில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத அணுக்கள் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் நோய் அடங்கியது என்று எழுதுவார்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கோடிக்கணக்கில் மிச்சமிருக்கலாம். அந்த மிச்சத்தைப் பத்தாயிரத்தில் ஒன்றுவரை தேடிப் பார்ப்பதே எம்.ஆர்.டி. பரிசோதனை. அடுத்து என்ன என்பதை இன்று பெரும்பாலும் இந்த எண்தான் தீர்மானிக்கிறது. வீட்டில் மாத்திரை எடுக்கும் கடைசிக் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை: மெர்காப்டோப்யூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை. இரண்டாவதைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். மெர்காப்டோப்யூரினைச் சிலரின் உடம்பு மெதுவாகத்தான் சிதைக்கும். ஆசிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் நட்15 என்ற மரபணு மாற்றம் அதற்கு ஒரு காரணம். அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமான அளவே அதிகமாகிவிடும்.

மஜ்ஜை மாற்றம் என்பதைப் பலர் அறுவை சிகிச்சை என்று நினைக்கிறார்கள். ரத்தம் ஏற்றுவதுபோல் ஒரு பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதுதான் அது. ஆபத்து அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முன்பு கொடுக்கும் கடும் கீமோவோ கதிர்வீச்சோ பழைய மஜ்ஜையை அழிக்கும். பின்பு, கொடையாளியின் தடுப்பணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியம் என்று தாக்கலாம். ஆனால் அதே தடுப்பணுக்கள்தான் மிச்சமிருக்கும் புற்றணுவையும் வேட்டையாடுகின்றன. எல்லா வகையிலும் பொருந்துகிற இரட்டைச் சகோதரரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது என்ற தகவல் இதை அழகாகச் சொல்லிவிடுகிறது. கொஞ்சம் பொருந்தாமை வேண்டியிருக்கிறது. இந்த வழியைத் திறந்த டொன்னல் தாமஸுக்கு 1990இல் நோபல் கிடைத்தது. உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். இப்போது பாதி பொருந்தும் பெற்றோரோ பிள்ளைகளோகூடக் கொடுக்கலாம். மாற்றத்துக்குச் சில நாள் கழித்துத் தரும் சைக்ளோபாஸ்ஃபமைடு அந்தத் தாக்குதலை அடக்கிவைக்கிறது. கொடையாளியின் ரத்தப் பிரிவு வேறாக இருந்தால், நோயாளியின் ரத்தப் பிரிவும் காலப்போக்கில் அதற்கே மாறிவிடும்.

தடுப்பணுக்களைப் புற்றணுவின் மீது ஏவும் இந்த எண்ணம்தான் புதிய மருந்துகளிலும். பிளினாடுமோமாப் என்ற மருந்து ஒரு கையால் தடுப்பணுக்களில் ஒரு வகையான டி அணுவையும் மறு கையால் புற்றணுவையும் பிடித்துச் சேர்த்து வைக்கிறது. 28 நாள் இடைவிடாமல் ஏற்றவேண்டும் என்பதால் பம்பைச் சுமந்துகொண்டே திரிவார்கள். கார்-டி முறையில் நோயாளியின் சொந்த டி அணுக்களை வெளியே எடுத்து, மரபணுவை மாற்றி, பெருக்கி, திரும்பச் செலுத்துகிறார்கள். குழந்தைகளில் முதலில், வேறு வழியற்றுப்போன ஒரு சிறுமிக்கு 2012இல் இது பலித்தது. 2017இல் 25 வயது வரையுள்ள ஏ.எல்.எல். நோயாளிகளுக்கு அமெரிக்கா அனுமதித்தது. பத்தில் எட்டுப் பேருக்கு நோய் அடங்குகிறது. ஆனால் அத்தனை பேருக்கும் அது நீடிப்பதில்லை; சிலருக்கு அடுத்து மஜ்ஜை மாற்றமும் தேவைப்படுகிறது. செலுத்திய சில நாளில் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் கடுமையாக வரலாம் என்பதால், அனுபவம் உள்ள மையங்களில் மட்டுமே செய்கிறார்கள்.

எந்த வழியானாலும் கூடவே வரும் சில காரியங்கள் உண்டு. கீமோ நாள்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காலைவரை பொறுக்கக் கூடாது. தடுப்பணு இல்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ஆளை வீழ்த்தும். பிள்ளை பெறும் ஆசை உள்ளவர்கள் விந்து, கருமுட்டை சேமிப்பது பற்றி முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும், அப்புறம் கேட்டுப் பயனில்லாமல் போகலாம். மூலிகை, சத்துப்பொடி எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பம்பளிமாசுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் சாறுகூட இப்ருடினிப், வெனிடோக்ளாக்ஸ் போன்றவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

கடைசியாக, யாரும் முதலில் பேச விரும்பாத ஒரு வழி. எண்பதைத் தாண்டிய, இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த ஒருவர் கடும் சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். ரத்தம் ஏற்றுவது, கிருமிக்கு மருந்து, வலிக்கு மருந்து என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். வலி தணிப்புச் சிகிச்சையைக் கடும் கீமோவோடு சேர்த்தும் தொடங்கலாம், கைவிட்டவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பது தவறு. லுக்கேமியாவில் இதற்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது: மூச்சு வாங்குவதும் கசிவும் குறைய ரத்தமும் பிளேட்லெட்டும் அடிக்கடி வேண்டும், அதை வீட்டில் ஏற்றும் வசதி பெரும்பாலான இடங்களில் இல்லை. அதனால்தான் மற்றப் புற்றுநோயாளிகளைவிட இவர்கள் கடைசி நாள்களை மருத்துவமனையிலேயே கழிக்க நேர்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவது, எப்போது நிறுத்துவது, அப்போது எங்கே இருக்க விருப்பம் என்பதை நோயாளி தெளிவாகப் பேச முடிகிற நாள்களிலேயே கேட்டுவைத்துக்கொண்டால், பின்னால் அந்த முடிவைப் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டியிருக்காது.